குசினிக் கேள்விகள்: மெசினுக்குள்ள மீன் வெடுக்கு

கேள்வி: அக்கா, மகன் கனடாவில் இருக்கிறார். வீடு கட்டி முடித்தவுடன் அங்கிருந்து கொண்டெய்னரில் வந்த சாமான்களோடு பாத்திரம் கழுவும் மெசின் ஒன்றையும் அனுப்பினார். முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது கதவைத் திறந்தால் பழைய மீன்சட்டியைத் திறந்த மாதிரி வெடுக்கு. கழுவிய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாலும் அந்த மணம். மருமகள் வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து ஊற்றிப் பார்த்தா. நன்றாக நுரைத்தது, மணம் போகவில்லை. மெசின் பழுதாகிவிட்டதா?
- வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, பழுதெண்டு முடிவெடுக்க முதல் அடியைத் திறந்து பாத்தனீங்களோ? கீழ்த்தட்டை வெளியில இழுத்து எடுங்கோ. மெசின்ர அடித்தளத்தில தேத்தண்ணி வடி மாதிரி, ஆனால் உருளையா ஒண்டு இருக்கும். அனேகமான மெசின்களில இடப்பக்கம் திருப்பினால் கழண்டு மேல வரும். பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் இந்த வேலை.

நான் கிளிநொச்சியில, ஏ9 வீதியோரம் ஒரு விருந்தினர் விடுதியில பதினொரு வருசம் குசினி பாத்தனான். முதலாளி ஆசைப்பட்டு ஒரு மெசின் வாங்கிப் போட்டார். ரெண்டு வருசம் அந்த வடியை ஒருத்தரும் தொடேல்லை. அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எங்களுக்குத் தெரியாது. மணம் தாங்கேலாமல் ஒரு நாள் கழட்டினால், தேங்காய்ப்பூ, கறிவேப்பிலைக் காம்பு, விரால் முள்ளு, முருங்கைக்காய்ச் சக்கை, புட்டுக் குறுணி எல்லாம் சேந்து சாம்பல் நிறத்தில ஒரு களி. எனக்கு உதவிக்கு நிண்ட பிள்ளை அண்டைக்கு மத்தியானம் சாப்பிடேல்லை. வெளிநாட்டு மெசினுக்குப் பாணும் பட்டரும் சாப்பிட்ட பீங்கான்தான் பழக்கம். எங்கட தேங்காய்ப்பூவை அது கண்டிராது. எண்ணெயோட ஒட்டிக்கிடக்கிற தேங்காய்ப்பூ ஈரத்துக்குள்ள ரெண்டு நாள் கிடந்தாலே சிக்கடிக்கத் தொடங்கும்.

வடியைப் பழைய பல்லுத் தூரிகையாலயும் சவர்க்காரத்தாலயும் சுடுதண்ணியில தேயுங்கோ. கம்பி பிரஷ் வேண்டாம், வலை கிழிஞ்சிடும். வடி இருந்த குழிக்குள்ள வெறுங்கையை விடாதேங்கோ, உடைஞ்ச கண்ணாடித் துண்டு கிடக்கும். எனக்கு வலக்கை நடுவிரலில இன்னும் தழும்பு இருக்கு. துணியைச் சுத்திக்கொண்டு துடையுங்கோ. பிறகு கதவின்ர கீழ் விளிம்பு. அந்த றபருக்கும் அதுக்குக் கீழ இருக்கிற இடுக்குக்கும் தண்ணி அடிக்கிறதே இல்லை, மெசின் தன்னைத் தானே கழுவும் எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருப்பம். விரலில துணி சுத்தி ஓட்டினால் கறுப்பா வரும். சுத்தித் தண்ணி அடிக்கிற கைகளில இருக்கிற ஓட்டைகளுக்கு ஈர்க்குத்தான் நல்லது. குத்தி உள்ளுக்க முறிச்சுப்போடாமல், மெல்லமாக் கிண்டி எடுங்கோ.

மருமகளின்ர வைத்தியத்துக்கு வருவம். அவ பாவிச்ச ரெண்டும் சரியான சாமான். ஒண்டாக் கலந்ததுதான் பிழை. வினாகிரி புளி, சோடா காரம். ரெண்டும் சந்திச்சால் நுரைச்சு ஒண்டையொண்டு அழிச்சுப்போடும், மிஞ்சிறது உப்புத்தண்ணி மாதிரி ஒண்டு. மீன் வெடுக்கைத் தாற பொருள் காரப் பக்கத்தைச் சேந்தது. அதாலதான் எங்கட அம்மாக்கள் மீனுக்குப் புளி போட்டுக் கழுவினவை. அதே வேலையை மெசினுக்கும் செய்யுங்கோ. ஒரு கோப்பை வினாகிரியை மேல்தட்டில நிமிர்த்தி வைச்சு, வேற ஒண்டும் இல்லாமல், சவர்க்காரத் தூளும் போடாமல், ஆகக் கூடின சூட்டில ஓட விடுங்கோ. அது முடிஞ்ச பிறகு அடியில ஒரு கை அப்பச்சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, விடிய ஒரு சின்ன ஓட்டம். மாசத்துக்கு ஒருக்காக் காணும். வினாகிரியை அடிக்கடி விட்டால் றபர் கெட்டுப்போகும்.

வீட்டில தேசிக்காய் இருக்கே எண்டு பாதித் தேசிக்காயை உள்ளுக்குப் போடாதேங்கோ. நான் போட்டனான். விதை போய்த் தண்ணி வெளியேத்துற பம்பில சிக்கி, மெசின் ரெண்டு நாள் கர்ர் எண்டு அழுதுது. பழப்புளியும் அப்பிடித்தான், சக்கை அடைக்கும். இன்னொண்டு, இதை வலுவாச் சொல்லுறன்: கிணத்துக்குப் போடுற குளோரினை மெசினுக்குப் போட நினைச்சுக்கூடப் பாக்காதேங்கோ. புளிச் சாமானும் குளோரினும் சேந்தால் நச்சு வாயு கிளம்பும். உள்ளுக்க இருக்கிற எவர்சில்வர் தகட்டையும் குளோரின் அரிக்கும்.

இவ்வளவும் செய்து ரெண்டு கிழமையில திரும்ப மணந்தால், காரணம் சூடு. கனடா மெசின் எண்டு எழுதியிருக்கிறியள். அங்கத்தைக் கறண்ட் 120 வோல்ட், செக்கனுக்கு 60 சுற்று (ஹேர்ட்ஸ்). இங்க 230 வோல்ட், 50 சுற்று. ட்ரான்ஸ்போமர் வைச்சுத்தான் ஓட்டுவியள். அது வோல்ட்டை மாத்தும், சுற்றை மாத்தாது. பழைய மொடல் மோட்டரெண்டால் ஆறில ஒரு பங்கு வேகம் குறைவாச் சுத்தும், தண்ணி அடிக்கிற விசையும் குறையும். அதைவிடப் பெரிய விசயம், அங்க மெசினுக்குச் சுடுதண்ணிக் குழாய்தான் பூட்டுவினம். குழாயிலயே 50 பாகை அளவுக்குச் சூடா வரும் எண்டு நினைச்சுச் செய்த சாமான் அது. எங்கட வீட்டில கூரைத் தாங்கியில இருந்து வாற பச்சைத்தண்ணி. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ உறையும். மார்கழி விடியற்காலையில போத்திலுக்குள்ள பாத்திருப்பியள். பச்சைத்தண்ணியில கழுவினால் அந்த எண்ணெய் போகாது, மெசின்ர சுவரெல்லாம் மெல்லிசாப் பூசிக்கொண்டு இருக்கும். வெடுக்கு அதிலதான் குந்தியிருக்கு.

நான் கண்ட வழி காசில்லாத வழி. இரவில ஓட்டுறதை விட்டுட்டு, மத்தியானம் ஒண்டு ரெண்டு மணிக்கு ஓட்டுங்கோ. சித்திரை வெயிலில கறுத்தத் தாங்கித் தண்ணி கைக்குச் சுடுமெல்லோ, அது வீணாத்தானே போகுது. மாரியில இது சரிவராது. அப்ப குழாயில ஒரு ஹீட்டர் பூட்ட மகனிட்டச் சொல்லுங்கோ, அனுப்பினவர்தானே. ஓடி அரை மணித்தியாலத்தில நிப்பாட்டி, முகத்தை விலத்திக்கொண்டு கதவை மெல்லத் திறந்து பாருங்கோ. ஆவி வரவேணும். வராட்டி தண்ணி சுடேல்லை.

கறண்ட் நடுவில போனால் ஊத்தைத் தண்ணி உள்ளுக்க நிக்கும். கறண்ட் வந்தவுடன அதை வெளியேத்திற பட்டனை அமத்துங்கோ. நாளைக்குப் பாப்பம் எண்டு விட்டால் அந்த நாளைக்கே மணக்கும். கோப்பைகளை வைக்க முதல் கழுவத் தேவையில்லை, வழிச்சுக் கொட்டினால் காணும். கொட்டிறது கோழிக்கு.

கேள்வி: முள்ளியவளையில் அண்ணாவின் வீட்டைப் பராமரிக்கிறேன். அவர்கள் லண்டனில். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போதுதான் வீடு திறபடும். ஒவ்வொரு முறையும் பாத்திரம் கழுவும் மெசினுக்குள் கான் நாற்றம். அண்ணி என்னைத்தான் பேசுகிறா.
- வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி, அண்ணிக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. கான் நாத்தம் வந்தால் அது மெசின்ர ஊத்தை இல்லை, வெளியில இருந்து வாற காத்து. பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ வளைஞ்ச குழாய் ஒண்டு இருக்குமெல்லோ, அதுக்குள்ள நிக்கிற தண்ணிதான் நாத்தத்துக்குக் கதவு. மாசக்கணக்கா ஒருத்தரும் தண்ணி விடாட்டி, எங்கட வெக்கைக்கு அது வத்திப்போகும். கூட்டப் போகேக்க ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு செம்புத் தண்ணி ஊத்துங்கோ.

அடுத்தது மெசின்ர கழிவுக் குழாய் எங்க போகுதெண்டு பாருங்கோ. கன வீடுகளில மேசன்மார் அதை நேர சுவரில துளைச்சு வாழைப்பாத்திக்குள்ள விட்டிருப்பினம். தேரையும் கரப்பானும் அதுக்குள்ளால விருந்துக்கு வரும். குழாய் முதல்ல மேசைத்தட்டின்ர அடி வரைக்கும் உயந்து, பிறகு கீழ இறங்கவேணும். அந்த வளைவு இல்லாட்டி வெளியேத்தின ஊத்தைத் தண்ணி திரும்பி உள்ளுக்க வரும். ஒரு கம்பியும் ஒரு ஆணியும் இருந்தால் நீங்களே தூக்கிக் கட்டலாம்.

பூட்டிப்போட்டுப் போகேக்க அண்ணி செய்யவேண்டியது: வடியைக் கழட்டிக் காயவிட்டு, குழிக்குள்ள நிக்கிற தண்ணியைப் பஞ்சால ஒத்தி எடுத்து, கதவை முழுக்கச் சாத்தாமல் நடுவில ஒரு மடிச்ச துணி வைக்கிறது. மாசம் ஒருக்கா வடியைத் திரும்பப் பூட்டி, வெறுமனே ஓட விடுங்கோ. குழாய் வாய்க்கு நுளம்பு வலைத் துண்டு கட்டினால், ஓட்ட முதல் அவிழ்க்க மறந்துபோடாதேங்கோ.

கேள்வி: எங்கள் மெசின் ஜேர்மனியில் இருந்து வந்தது. அடியில் உப்புப் போட ஒரு மூடி இருக்கிறது. ஆனையிறவு உப்பைப் போடலாமா?
- புதுமணத் தம்பதி, வவுனியா

பதில்: வேண்டாம். அந்த உப்பு கோப்பைக்கில்லை, தண்ணியின்ர கடினத்தைக் குறைக்கிறதுக்கு. உங்கட கேத்திலுக்குள்ள பாருங்கோ, வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். அந்தக் கல்சியமும் மக்னீசியமும்தான் மெசினுக்குள்ளயும் படியும். படிஞ்ச இடம் சொரசொரப்பு, எண்ணெய் அதில பிடிச்சு வைச்சுக்கொள்ளும், பிறகு மணம். உப்பளத்துக் கல்லுப்பில அதே மக்னீசியமும் கல்சியமும் கொஞ்சம் இருக்கு, மண்ணும் இருக்கு. எதைக் கழிக்கவேணுமோ அதையே அள்ளிப் போட்டதாப் போகும். கடையில விக்கிற அயடீன் தூளுப்பும் சரிவராது, கட்டிபடாமல் இருக்கக் கலக்கிற சாமான் அடைச்சுக்கொள்ளும். மெசினுக்கெண்டே விக்கிற உப்பைக் கொழும்பில எடுப்பியுங்கோ, இல்லாட்டி ஜேர்மன் சொந்தக்காரர் வரேக்க சொக்லேட்டைக் குறைச்சு ரெண்டு கிலோ உப்புக் கொண்டுவரச் சொல்லுங்கோ. நிரப்பேக்க வெளியில சிந்தினதை உடன துடைச்சு, ஒரு ஓட்டம் விட்டிடுங்கோ. இரவு முழுக்கக் கிடந்தால் தகடு கறள்பிடிக்கும்.