லேத்தில் கியர் லிவர் பாதியில் நின்று நகரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

முதலில், லிவரில் பைப் மாட்டி இழுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பீடு மாற்றும் லிவர் பாதி தூரம் வந்து நிற்கிறது, முன்னேயும் போகவில்லை பின்னேயும் போகவில்லை என்று மட்டும்தான் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் "ஓங்கி ஒரு தட்டு தட்டு" என்று சொல்லிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஜாப் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நடுவில் நின்றுதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றிருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மெயின் ஸ்விட்சை அணையுங்கள், வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில், அதை இறுக்கும் சக் கீ மாட்டியபடி இல்லை என்று பாருங்கள், பிரேக் இருந்தால் விடுவித்துவிடுங்கள். இப்போது ஒரு கையால் லிவரை லேசாக, இரண்டு விரல் பலத்தில் மட்டும் அழுத்திக்கொண்டு, மறு கையால் சக்கை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். உள்ளே இரண்டு கியர்களின் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றிருந்தால், ஏதோ ஒரு இடத்தில் லிவர் தானாக உள்ளே விழும். லேத்தில் லிவர் நகரவில்லை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம். சக் கையால் சுற்ற முடியாத அளவுக்குக் கனமாக இருந்தால், கிளட்ச் இருக்கும் மெஷினில் அதை நியூட்ரலில் வையுங்கள். கிளட்ச் இல்லாவிட்டால், கீழ் ஸ்பீடில் சக்கைச் சுற்றுவது என்பது மோட்டாரையே பல மடங்கு வேகத்தில் சுற்றுவது மாதிரி, கை வலிக்கும். மோட்டார் பக்கத்து புல்லியைப் பிடித்துச் சுற்றினால் சுலபமாக வரும். பெல்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், விரல் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டும்.

அப்படிச் சுற்றியும் லிவர் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், கல்லில் இடித்த மாதிரி "தட்" என்று நிற்கிறதா? அப்படியென்றால் பல் முட்டவில்லை. பல் முட்டினால் சக்கை ஆட்ட ஆட்ட நிற்கும் இடமும் கையில் தெரியும் உணர்வும் கொஞ்சம் மாறும். மாறாமல் நின்றால் உள்ளே வேறு ஏதோ குறுக்கே இருக்கிறது. எனக்கு நடந்தது இதுதான்.

அது ஆல் கியர் லேத், அதாவது கியர்களாலேயே ஸ்பீடு மாற்றுவது; அந்தக் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பெட்டியின் முகத்தில் இரண்டு லிவர். காலை ஷிப்ட், முதல் ஜாப் ஒரு பெரிய ஃபிளாஞ்ச் (வட்டத் தட்டு), அதன் முகத்தைச் சமமாகக் கடையும் ஃபேஸிங் பண்ண ஸ்பீடைக் குறைக்க வேண்டும். மெஷின் நின்றிருக்கும்போதுதான் லிவரைத் தள்ளினேன், பாதியில் நின்றது. சக்கைச் சுற்றிப் பார்த்தேன், அதே இடம். "உள்ளே ஏதோ முட்டுகிறது, மேல் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம் சார்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். நேரமில்லை என்றார். ஃபிட்டர் அண்ணன் இரண்டடி பைப்பைக் கொண்டுவந்து லிவரில் மாட்டி இழுத்தார். "டக்" என்று ஒரு சத்தம், லிவர் வெண்ணெய் மாதிரி சுற்றியது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லிவர் மட்டும்தான் சுற்றியது, உள்ளே ஒன்றும் நகரவில்லை. லிவரையும் அதன் ஷாஃப்டையும் இணைக்கும் டேப்பர் பின் (ஒரு முனை சற்றே சிறுத்த உலோக ஆணி) வெட்டுப்பட்டிருந்தது.

அதன் பிறகுதான் மூடியைக் கழற்றினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கியரைத் தள்ளும் ஃபோர்க்கை ராடோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ), அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, மூன்று மில்லி அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ராடு நகரும்போது அந்த ஸ்க்ரூ ஹெட்ஸ்டாக் பெட்டி வார்ப்பின் உள்விளிம்பில் போய் இடித்திருக்கிறது. எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே அந்த இடத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்க்ரூவிலும் துளையிலும் இருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, ராடில் அதற்கென்று இருக்கும் குழியில் முனை உட்காருகிற மாதிரி இறுக்கினால் முடிந்தது. இருபது நிமிட வேலை. உடைந்த டேப்பர் பின்னை எடுக்கத்தான் அரை நாள் போனது.

அந்தப் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் மெஷினிலும் லிவரைக் கழற்ற வேண்டி வரலாம். அது ஒரு பக்கம் மட்டுமே வெளியே வரும். மெட்ரிக் பின்னுக்குச் சரிவு 50-க்கு 1, அதாவது 40 மில்லி நீளமுள்ள பின்னில் இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.8 மில்லிதான். இன்ச் பின் என்றால் 48-க்கு 1. கண்ணால் பார்த்தால் இரண்டு முனையும் ஒன்று போலத்தான் இருக்கும், வெர்னியர் வைத்து அளந்து, சிறிய முனையிலிருந்து தட்டுங்கள். மறுபக்கத்திலிருந்து தட்டினால் இன்னும் இறுகும், ஷாஃப்டும் வளையலாம்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. மூடியைத் திறக்கும் முன்பே பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் "ஓடும்போது ஆபரேட்டர் கியர் மாற்றியதால்" என்று எழுதிவிட்டார்கள். ஓடும்போது மாற்றியிருந்தால் பல்லின் நுழைமுனை (அடுத்த கியருக்குள் முதலில் நுழையும் முனை) நசுங்கியிருக்கும், பிசிறு எழும்பியிருக்கும். அந்தக் கியரில் நுழைமுனையின் உருண்டை அப்படியே இருந்தது, மெஷினிங் கோடுகள்கூட அழியவில்லை. சூப்பர்வைசரை அழைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். ரிஜிஸ்டரில் எழுதியதை மாற்றவில்லை. ஃபிட்டர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் ஒரு ஃபிட்டர்தான். ஆனால் திறந்து பார்க்காமல் காரணம் எழுதுவது தப்பு, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "நான் எத்தனையோ தடவை பைப் போட்டு இழுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வந்து எழுதுவார்கள், தெரியும். ஆகாமல் இருந்திருக்கலாம். வளைந்த ஃபோர்க் உடனே காட்டிக்கொடுக்காது, கியரின் பள்ளத்தில் ஒரு பக்கமாகவே உரசி உரசி மாதக்கணக்கில் தேயும்.

உங்கள் மெஷினில் காரணம் வேறாகவும் இருக்கலாம். ரொம்ப நாள் ஓடாமல் நின்ற லேத் என்றால் லிவர் ஷாஃப்ட் அதன் துளையிலேயே துருவும் காய்ந்த எண்ணெயுமாகப் பிடித்திருக்கும். அப்போது தட்டுகிற மாதிரி நிற்காது, எல்லா இடத்திலும் கனமாக இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு வையுங்கள், மறுநாள் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுங்கள். இன்னொன்று, லிவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தும் சிறிய எஃகு உருண்டை (பால்), அதன் ஸ்பிரிங். லிவர் தானாக நழுவுகிறது என்று யாராவது அதன் மேலுள்ள ஸ்க்ரூவைக் கடைசிவரை இறுக்கியிருந்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, பால் பள்ளத்தை விட்டு எழும்பவே முடியாது. அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். மூடியைத் திறக்காமலே முடிகிற வேலை என்பதால் இதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் ஆலன் கீ, அதாவது ஸ்க்ரூவின் அறுகோணக் குழியில் போட்டுத் திருப்பும் கீ. இதைச் சொல்லாமல் விட முடியாது. அன்று அந்த எம்8 கிரப் ஸ்க்ரூவுக்கு 4 மில்லி கீ வேண்டும், மொத்த ஷாப்பிலும் முனை மழுங்காத ஒன்று கிடைக்கவில்லை. என் செட்டில் இருந்ததை இரவல் வாங்கிப் போனவர் மூலை உருண்டுபோன கீயாகத் திருப்பி வைத்திருந்தார், சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட கீயைப் போட்டால் ஸ்க்ரூவின் குழியும் உருண்டுவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கீயின் முனையை இரண்டு மூன்று மில்லி கிரைண்டரில் நேராகத் தேய்த்தால் புதிய மூலை கிடைக்கும், சூடேறாமல் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேயுங்கள். இரவல் வாங்குகிறவர்களும் இதைச் செய்து திருப்பிக் கொடுக்கலாம்.

மூடியைத் திறந்தால், மூடும் முன் ஒரு காந்தத்தை எண்ணெய்க்குள் விட்டு அடிவரை துழாவுங்கள். உடைந்த டேப்பர் பின்னின் துண்டு, எஃகு உருண்டை, ஸ்க்ரூ எதுவானாலும் கீழே கிடந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் பல்லுக்கு நடுவே போகும். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு ஸ்பீடிலும் லிவரைப் போட்டு, சக்கைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மெயின் ஸ்விட்சைப் போடுங்கள்.