கரீபியன் தீவு ஊர் எதையாவது நண்பர்களோடு நிதானமாகச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நாள் எப்படிப் போனது?

பார்த்திருக்கிறேன். குராசோ தீவின் தலைநகரம் வில்லெம்ஸ்டாட். நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட தீவு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் உண்டு, பத்து மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் கிளம்பினோம்: நான், ஒரு மதுரைக்காரன், ஒரு பெங்களூர்த் தோழி, யாழ்ப்பாணத்தில் பிறந்து ராட்டர்டாமில் வளர்ந்த ஒருவன்.

மற்ற நாட்களெல்லாம் கடற்கரையிலேயே போயின. ஊருக்கென்று ஒதுக்கியது ஒரே நாள். அந்த நாளுக்கு மதுரைக்காரன் மணிக்கணக்குப் போட்டு ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தான். காலை பத்து மணிக்கே ஒரு பாலம் அதைக் கலைத்துவிட்டது.

ஊரின் நடுவே கப்பல் போகும் கால்வாய் ஒன்று இருக்கிறது, பெயர் சிந்த் அன்னா. ஒரு கரை புண்டா, எதிர்க்கரை ஒட்ரோபண்டா. ஒட்ரோபண்டா என்றாலே 'அந்தப் பக்கம்' என்றுதான் பொருள். இரண்டையும் சேர்ப்பது குயின் எம்மா பாலம். 1888-இல் முதலில் கட்டியது. தூண் கிடையாது, வரிசையாக மிதக்கும் படகுகளின் மேல் பலகை போட்ட பாலம், 167 மீட்டர் நீளம். கப்பல் வந்தால் மணி அடிக்கும். புண்டா பக்க முனையில் இருக்கும் அறையில் ஒருவர் டீசல் எஞ்சினைக் கிளப்புவார். பாலம் முழுவதும் கதவு திறப்பது போல அப்படியே திரும்பி ஒட்ரோபண்டா கரையோரம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சுக் கொடி ஏற்றினால் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நீலக் கொடி என்றால் நேரமாகும்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒட்ரோபண்டாவில் தங்கியிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் புண்டாவில் இறங்கிவிட்டோம். தொப்பியை அறையிலேயே விட்டுவிட்டு அதை எடுக்கத் திரும்பிப் போயிருந்த தோழி, வரும்போது சரியாகப் பாலத்தின் நடுவில் இருந்தாள். மணி அடித்தது, இரண்டு பக்கமும் கேட்டைச் சாத்தினார்கள். பாலம் கிளம்ப, அவளும் அதோடு கிளம்பினாள். தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சரக்குக் கப்பல் எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஊர்ந்து போய் அவளை மறைத்தது. அரை மணி நேரத்துக்குள் பாலம் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. சிரித்துக்கொண்டே இறங்கியவள் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொரு தடவை போகலாமா?" மதுரைக்காரன் திட்டத்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

இந்தப் பாலத்துக்கு அந்தக் காலத்தில் கட்டணம் இருந்ததாம். காலில் செருப்பு போட்டிருந்தால் காசு, வெறுங்காலோடு வந்தால் இலவசம். ஏழை கௌரவத்துக்காகச் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தான், பணக்காரன் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடித்தான் என்று ஊரில் ஒரு கதை. இன்று யாருக்கும் காசு இல்லை. பாலம் திறந்திருக்கும்போது ஓடும் படகும் இலவசம்.

புண்டாவின் கரையோரம் மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று நிற்கும் டச்சுப் பாணி வீடுகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த ஊர். முதலில் எல்லாமே வெள்ளைச் சுண்ணாம்புதானாம். வெயில் பட்டுக் கண் கூசித் தலைவலி வருகிறது என்று 1817-இல் கவர்னர் வண்ணம் அடிக்கச் சொன்னார் என்கிறார்கள். அவருக்குப் பெயிண்ட் வியாபாரத்தில் பங்கு இருந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பக்கத்திலேயே 1732-இல் கட்டிய யூதர் கோவில். உள்ளே தரை முழுக்க மணல். போர்ச்சுகல், ஸ்பெயினில் ஒளிந்து வழிபட்ட காலத்தில் காலடிச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மணல் பரப்பினார்களாம், அதன் நினைவாக என்பது ஒரு விளக்கம். கருத்த மர இருக்கைகள், பித்தளைச் சரவிளக்குகள், நடந்தால் சரக் சரக் என்று மணல். நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது அன்று அங்கே மட்டும்தான்.

மதியம் பிளாசா பியூ, அதாவது பழைய சந்தை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சமையல் மேடைகள், நீள நீள மேசைகள், யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கினோம். கூட வந்தது 'ஃபுஞ்சி'. சோளமாவைக் கெட்டியாகக் கிண்டித் தட்டில் கவிழ்த்திருந்தார்கள். சந்தேகமே வேண்டாம், நம் களிதான். கட்டைவிரலால் குழி பறித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், எதிரே இருந்த பாட்டி ஆமோதிப்பது போலத் தலையாட்டினார். 'கியாம்போ' என்று வெண்டைக்காய் சூப்பும் இருந்தது. கரண்டியைத் தூக்கினால் கூடவே ஒரு முழம் நூல் வருகிறது. வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க நம் வீட்டில் வதக்கு வதக்கு என்று வதக்குவார்கள், இவர்கள் அதற்காகவே சமைக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, தோழி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

பரிமாறிய அம்மா உள்ளே திரும்பி, போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் கலந்த உள்ளூர் மொழியான பாப்பியமெந்துவில் ஏதோ குரல் கொடுத்தார். அதில் 'குஷினா' என்று ஒரு சொல். யாழ்ப்பாணத்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "மச்சான், குசினியடா! எங்கட அம்மம்மா குசினி எண்டுதான் சொல்லுவா!" அந்த அம்மாவிடமே கேட்டோம். ஆமாம், சமையலறைதான். உட்கார்ந்திருந்த மேசையைத் தட்டிக் காட்டினால் 'மெசா' என்றார். போர்ச்சுகீசியர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்களின் உறவுக்காரர்கள் இங்கேயும் குடியிருக்கிறார்கள். அப்புறம் அரை மணி நேரம் அவன் கண்ணில் பட்ட பொருளையெல்லாம் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தான், அந்த அம்மாவும் சலிக்காமல் சொன்னார்.

பிற்பகல் ஒட்ரோபண்டாவின் சந்துகளில் சும்மா நடந்தோம். எலுமிச்சைச் சாறு குடித்தோம், ஒரு திண்ணையில் தூங்கிய பூனையைப் பார்த்தோம், அவ்வளவுதான். வெயில் கடுமை, ஆனால் காற்று நிற்காததால் தோல் எரிவது தெரியாது. இரவில்தான் தெரிந்தது.

பொழுது சாயும்போது மறுபடி மணி அடித்தது. இந்த முறை நாலு பேரும் ஓடிப்போய்ப் பாலத்தில் ஏறிக்கொண்டோம். நீலக் கொடி. முக்கால் மணி நேரம் ஆனது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: பிளாசா பியூ மதியச் சாப்பாட்டோடு மூடிவிடும், ஞாயிறு லீவு. பன்னிரண்டு மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.