பொங்கல் படங்களும் தீபாவளிப் படங்களும்: வாசகர் கேள்வி-பதில்

2025 பொங்கலுக்கு ஒரே வாரத்தில் அத்தனை தமிழ்ப் படங்கள் வந்தது ஏன்? எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பதற்குள் பாதிப் படங்கள் தியேட்டரை விட்டே போய்விட்டனவே!
(வாசகர், கும்பகோணம்)

ஒரு படம் வராமல் போனதுதான் காரணம். அஜித்குமாரின் 'விடாமுயற்சி' பொங்கலுக்கு வருகிறது என்றிருந்தவரை, ஏற்கெனவே ஜனவரி 10-ஐக் குறித்துவைத்திருந்த 'வணங்கான்', 'கேம் சேஞ்சர்' போன்ற சில படங்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2024 டிசம்பர் 31 அன்று இரவு, படம் தள்ளிப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. (பிறகு அது பிப்ரவரி 6 அன்று வெளியானது.) பெரிய வீட்டுக் கல்யாணம் நின்றுபோனதும் அந்த மண்டபத்தைக் கேட்டு நாலு குடும்பங்கள் ஓடுவதைப் போல, அடுத்த சில நாட்களுக்குள் பெட்டியில் இருந்த படங்களுக்கெல்லாம் தேதி குறிக்கப்பட்டது. 12 அன்று 'மதகஜராஜா', 14 அன்று 'காதலிக்க நேரமில்லை', 'நேசிப்பாயா', 'தருணம்' என்று வரிசை நீண்டது. தமிழக அரசு ஜனவரி 17-ஐயும் விடுமுறையாக அறிவித்ததால் 14 முதல் 19 வரை ஆறு நாட்கள் தொடர்ந்து விடுமுறை கிடைத்ததும் அவர்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்திருக்கும்.

ஆனால் தமிழ்நாட்டில் இருப்பவை ஆயிரத்துச் சொச்சம் திரைகள். விடுமுறை கூடினாலும் அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. ஒரு நட்சத்திரப் படம் வந்தால் அது பெரும்பாலான திரைகளை எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் தங்கள் நிலையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலகிவிடுவார்கள். ஏழெட்டுச் சிறிய, நடுத்தரப் படங்கள் ஒன்றாக வந்தாலோ, ஒரே திரையில் காலைக் காட்சி ஒருவருக்கு, மாலைக் காட்சி இன்னொருவருக்கு என்று பங்குபோடும் நிலை வரும். மூன்றாம் நாள் கூட்டம் எந்தப் படத்துக்கு இருக்கிறதோ அதற்கே திரையரங்கு உரிமையாளர் எல்லாக் காட்சிகளையும் மாற்றிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை, அவர் ஆண்டு முழுவதும் ஈ ஓட்டிவிட்டு இந்த ஒரு வாரத்துக்காகவே காத்திருப்பவர். 'தருணம்' படத்துக்குப் போதிய காட்சிகள் கிடைக்காமல் போனதால், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஜனவரி 31 அன்று மறுபடியும் வெளியிட்டார்கள். பண்டிகை நாளில் வந்த படம், பண்டிகை இல்லாத நாளைத் தேடிப் போனது என்பதிலிருந்தே அந்த வாரத்தின் நெரிசலை நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்த 'மதகஜராஜா' ஓடியதும், புதிய படங்கள் தடுமாறியதும் தமிழ் ரசிகர்களின் ரசனை பின்னோக்கிப் போவதைத்தானே காட்டுகின்றன?
(வாசகி, திருநெல்வேலி)

நான் அப்படிப் பார்க்கவில்லை. 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம் அது. அதில் நகைச்சுவை நடிகராக வந்த சந்தானம் இடைப்பட்ட காலத்தில் கதாநாயகனாகிவிட்டார், இசையமைத்த விஜய் ஆண்டனியை இன்று பலரும் நடிகராகவே அறிவார்கள், நடித்தவர்களில் மணிவண்ணனும் மனோபாலாவும் இப்போது நம்முடன் இல்லை. இத்தனைக்கும் பிறகு அந்தப் படம் பழைய சோறாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுள் நானும் ஒருவன். போன இடத்தில் தாத்தா, பேரன், அத்தை, சித்தப்பா என்று ஒரு வரிசை முழுவதையும் ஒரே குடும்பம் நிரப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்த பிறகுதான், சுந்தர்.சி எப்போதுமே அந்த வரிசையை மனத்தில் வைத்துப் படமெடுப்பவர் என்பது நினைவுக்கு வந்தது.

படத்தில் குறைகள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. பெண்களைக் காட்டும் விதத்தில் அது 2013-இலேயே பழையதாகியிருந்த படம். அதைச் சிரிப்புக்கு நடுவே நெளியாமல் கடந்துவர முடியாது. ஆனாலும் அதே வாரத்தில் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பாலாவின் 'வணங்கான்', காது கேளாத, வாய் பேசாத ஒருவனின் ஆவேசத்தைச் சொன்ன கனமான படம். 'காதலிக்க நேரமில்லை', செயற்கைக் கருத்தரிப்பையும் திருமணமில்லாத தாய்மையையும் பேசிய, நகரத்து இளைஞர்களுக்கான படம். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் என் பெரியம்மாவை அதற்கு அழைத்துப் போக நான் துணியவில்லை. ரசனை பின்னோக்கிப் போகவில்லை. பொங்கல் வாரத்தில் டிக்கெட் எடுக்கும் கூட்டமே வேறு. ஆண்டில் இரண்டே முறை தியேட்டருக்கு வருகிறவர்கள் அந்த வாரத்தில்தான் வருகிறார்கள்.

அப்படியானால், அழவைக்கும் 'அமரன்' 2024 தீபாவளிக்கு எப்படி ஓடியது?
(வாசகர், மதுரை)

நல்ல மடக்கு. காஷ்மீரின் சோபியானில் 2014 ஏப்ரல் 25 அன்று உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை என்பதால், முடிவு என்ன என்பது உள்ளே நுழையும்போதே எல்லோருக்கும் தெரியும். பட்டாசு வெடித்துவிட்டு வந்து இதைப் பார்ப்பார்களா என்ற ஐயம் வியாபார வட்டாரத்தில் இருக்கத்தான் செய்தது. படத்தைக் காப்பாற்றியது துப்பாக்கிச் சண்டைகள் அல்ல, அந்தக் கணவன் மனைவியின் கதைதான் என்பது என் கருத்து. சிவகார்த்திகேயனுக்கு ஏற்கெனவே இருந்த குடும்பக் கூட்டம் வந்தது, சாய் பல்லவி அந்தக் கூட்டத்தைக் கடைசிக் காட்சிவரை பிடித்துவைத்தார். குடும்பமாகச் சேர்ந்து அழுவதற்கும் நம் ஊரில் டிக்கெட் எடுப்பார்கள்.

ஒரே பொங்கலில் அப்பாவும் மகளும் மோதிக்கொண்டார்களாமே?
(வாசகி, காரைக்குடி)

ஷங்கர் இயக்கிய 'கேம் சேஞ்சர்' 10 அன்று வந்தது, அவருடைய மகள் அதிதி நடித்த 'நேசிப்பாயா' 14 அன்று வந்தது. இரண்டுமே எதிர்பார்த்த அளவு ஓடாததால் வீட்டில் சச்சரவுக்கு இடமிருந்திருக்காது.

ஆந்திரா, தெலங்கானாவில் சங்கராந்திக்கு என்ன நிலவரம்?
(வாசகர், ஓசூர்)

அங்கே சங்கராந்தி என்றால் கோழிச்சண்டை, அரிசெலு (நம் அதிரசம்), புதுப்படம் மூன்றும் சேர்ந்ததுதான். அந்த நாட்களை அவர்கள் தங்கள் மொழிப் படங்களுக்கே உரியதாகக் கருதுகிறார்கள். 2023-இல் விஜய்யின் 'வாரிசு' அங்கே போகவிருந்தபோது, பண்டிகைக் காலத்தில் நேரடித் தெலுங்குப் படங்களுக்கே முன்னுரிமை தரவேண்டும் என்று தெலுங்குத் தயாரிப்பாளர்கள் சங்கம் கடிதம் எழுதியது நினைவிருக்கலாம். 2025-இல் 'கேம் சேஞ்சர்', பாலகிருஷ்ணாவின் 'டாக்கு மகாராஜ்', வெங்கடேஷின் 'சங்கராந்திகி வஸ்துன்னாம்' ஆகிய மூன்றும் நாலைந்து நாட்களுக்குள் இறங்கின. முதலாவதும் மூன்றாவதும் ஒரே தயாரிப்பாளருடையவை: தில் ராஜு. கோடிகளைக் கொட்டிய முதல் படம் கைவிட்டது. அனில் ரவிபுடி இயக்கத்தில், மனைவிக்கும் முன்னாள் காதலிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஒரு முன்னாள் காவல் அதிகாரியின் கதையைச் சொன்ன எளிய நகைச்சுவைப் படமோ வசூலை அள்ளியது. அந்த மனைவியாக நடித்தவர் நம் 'காக்கா முட்டை' ஐஸ்வர்யா ராஜேஷ். தெலுங்கு நடிகர் ராஜேஷின் மகள் என்பதால் அவர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண் என்கிறார்கள்.

பொங்கலுக்கு மலையாளத்தில் ஏன் பெரிய படங்கள் வருவதில்லை?
(வாசகர், நாகர்கோவில்)

அவர்களுக்கு ஓணம், விஷு, ஈகைத் திருநாள், கிறிஸ்துமஸ் என்று வேறு நாட்காட்டி இருக்கிறது. 2024 ஓணத்துக்கு வந்த 'கிஷ்கிந்தா காண்டம்' படத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள்.

பண்டிகை நாளில் அதிகாலை நான்கு மணிக் காட்சி இனி தமிழ்நாட்டில் வரவே வராதா?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

2023 ஜனவரி 11 அன்று, 'துணிவு' படத்தின் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் லாரி மீது ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் சென்னையில் தவறி விழுந்து இறந்தார். அதன் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தராததால், பண்டிகைப் படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். உங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுக்குப் போய் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஹைதராபாத்தில் 2024 டிசம்பர் 4 அன்று 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்ததையும் நினைத்துப் பார்க்கும்போது, ஒன்பது மணி எனக்குத் தாமதமாகத் தெரியவில்லை.

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு படம் பார்த்துவிட்டு வர ஆகும் செலவில் ஓராண்டு ஓ.டி.டி. சந்தாவே கட்டிவிடலாம். பண்டிகைப் படங்கள் எத்தனை நாளில் வீட்டுக்கு வருகின்றன?
(வாசகி, சேலம்)

'அமரன்' ஐந்து வாரத்தில் வந்தது. 'கேம் சேஞ்சர்', 'காதலிக்க நேரமில்லை' இரண்டும் சரியாக இருபத்தெட்டு நாட்களில் வந்தன. எட்டு வார இடைவெளி வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படப்பிடிப்பு முடியும் முன்பே ஓ.டி.டி. உரிமையை விற்றுப் படமெடுக்கிற தயாரிப்பாளர்களால் அதற்கு உடன்பட முடிவதில்லை. 'சங்கராந்திகி வஸ்துன்னாம்' மட்டும் ஆறு வாரங்களைக் கடந்த பிறகு, மார்ச் 1 அன்று தொலைக்காட்சியிலும் ஓ.டி.டி.யிலும் ஒரே நாளில் வந்தது. நாலு வாரம் பொறுக்க முடிந்தால் தாராளமாகச் சந்தாவைக் கட்டுங்கள்; 'மதகஜராஜா' மாதிரியான படத்துக்கு மட்டும் குழந்தைகளைத் தியேட்டருக்கு அழைத்துச் செல்லுங்கள், வீட்டுக் கூடத்தில் நான்கு பேராக உட்கார்ந்து பார்த்தால் அதில் பாதிச் சிரிப்புகூட வராது.