பார்க்காத அறைக்கு அட்வான்ஸ் அனுப்பலாமா?

கேள்வி: வெளியூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, வகுப்பு தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இணையத்தில் ஓர் அறை பார்த்தேன். கல்லூரிக்குப் பக்கத்திலேயே, மற்ற அறைகளின் வாடகையில் பாதிதான் கேட்கிறார்கள். ஓனர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையும் அட்வான்ஸும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். நிறைய பேர் கேட்கிறார்களாம், இன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஆள் ரொம்ப மரியாதையாகத்தான் எழுதுகிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம், அனுப்பாதீர்கள். இது உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய கதை. ஓனர் கப்பலில் இருப்பார், இல்லை ராணுவத்தில் இருப்பார், இல்லை மதப் பணிக்காகத் தொலைதூரம் போயிருப்பார். எங்கே இருந்தாலும் சரி, உங்களை நேரில் சந்திக்க மட்டும் அவரால் முடியாது. நிஜமாகவே வெளிநாட்டில் இருக்கும் ஓனர் சாவியைச் சொந்தக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு ஏஜென்டிடமோ கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். அந்த ஆளை வைத்துக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உடனே ஏதாவது சாக்கு வரும், அதோடு விட்டுவிடலாம்.

வாடகை ஏன் பாதி என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அந்த அறையிலிருந்து வருமானம் வர வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் தொகையைப் பார்த்தால் நீங்கள் சந்தேகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆசைப்படுவீர்களோ அதுதான் விளம்பரத்தில் இருக்கும். கல்வியாண்டு தொடங்கும் நேரமாகப் பார்த்து வருவதும் அதனால்தான், அவசரத்தில் இருப்பவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

படங்களை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுத் தேடுங்கள். அதே ஹாலும் அதே சோபாவும் வேறு ஊரில் விற்பனைக்கு வந்த வீட்டின் விளம்பரத்தில் கிடைப்பது சர்வ சாதாரணம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் நிஜம் என்று அர்த்தமில்லை, இல்லாத அறையை இப்போது செயற்கை நுண்ணறிவே வரைந்து கொடுத்துவிடுகிறது. கண்ணாலும் பாருங்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் உங்கள் ஊரில் புழங்குகிற மாதிரிதானா? இரண்டாவது மாடி என்று எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பத்து மாடி உயரத்துக் காட்சி தெரிகிறதா? மூலையில் இருந்த வாட்டர்மார்க்கை வெட்டியதால் படம் ஒரு பக்கம் குறுகியிருக்கிறதா? தெருவின் படத்தை கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பார்க்கும்போது, அது எந்த மாதம் எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் கவனியுங்கள், பழைய படமாக இருந்தால் இன்றைய நிலைமையை அது சொல்லாது.

கேள்வி: என் மகளுக்கு அறை தேடுகிறோம். ஓனர் என்று சொல்லும் ஒரு பெண்மணி வீடியோ காலில் வீடு முழுவதையும் காட்டினார், முகம் பார்த்துப் பேசினார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில்: இன்னொன்று வேண்டும். வீடு நிஜமா, ஆள் நிஜமா, அந்த ஆளுக்கு அந்த வீட்டை வாடகைக்கு விட உரிமை இருக்கிறதா என்று மூன்று கேள்வி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு திருப்தி ஆகிவிடுகிறார்கள், நீங்கள் இரண்டாவது வரை வந்திருக்கிறீர்கள். வீட்டைக் காட்டியே செய்யும் மோசடி நடப்பதோ மூன்றாவதில்தான்.

நாலைந்து நாளைக்கு ஒரு வீட்டை விடுமுறைத் தங்கலுக்கு எடுத்து, அந்த நாட்களில் வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டி, எல்லோரிடமும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிவரும் நாளில் ஒரே கதவு முன்னால் பெட்டியோடு பல பேர் நிற்பார்கள். அவர்கள் எல்லோருமே வீட்டைக் கண்ணால் பார்த்தவர்கள்தான்.

முதலில் அந்த வீடியோவையே சோதியுங்கள், ஏற்கெனவே எடுத்து வைத்ததை ஓட விடுவதும் உண்டு. தெருவில் கதவு எண் தெரியும் இடத்திலிருந்து, இணைப்பைத் துண்டிக்காமல், அறை வரை நடந்து வரச் சொல்லுங்கள். குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் உரிமை. பல நாடுகளில் சொத்துப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் தெரிந்துவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் வீட்டு வரி ரசீதையோ மின் கட்டண ரசீதையோ கேளுங்கள். ரசீதில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கு மட்டும் 'என் மைத்துனர் பெயரில் இருக்கிறது' என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரசீதைப் போலியாகத் தயாரிப்பது பெரிய வேலை இல்லை என்பதால், கல்லூரியின் மாணவர் தங்குமிட அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள், முடிந்தால் அங்கே படிக்கும் யாரையாவது நேரில் போகச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிவது எந்தக் காகிதத்திலும் தெரியாது.

கேள்வி: படிப்பு முடிந்து போகும் மாணவர் ஒருவர் தன் அறையை எனக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். ஓனரிடம் பேசிவிட்டாராம், அட்வான்ஸைத் தன்னிடமே கொடுக்கச் சொல்கிறார்.

பதில்: நல்லவராகவே இருக்கலாம், உள்வாடகை எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் ஓனரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் கொடுக்கும் எண்ணை மட்டும் நம்பி ஓனரிடம் பேசாதீர்கள், அந்தப் பக்கம் அவருடைய நண்பர்கூட ஓனராகப் பேசலாம். எண்ணை அக்கம்பக்கத்திலோ கட்டட நிர்வாகத்திலோ வாங்குங்கள். அட்வான்ஸ் ஓனர் கைக்குப் போகட்டும், அந்த மாணவர் தன்னுடையதை ஓனரிடமே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: அறையைக் காட்டும் முன்பே பாஸ்போர்ட் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கிறார்கள். ஓனரும் தன் பாஸ்போர்ட்டை அனுப்பியிருக்கிறார், அதனால் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: அவர் அனுப்பியது யாருடைய பாஸ்போர்ட் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் ஏமாந்தவருடையது. நீங்கள் அனுப்பினால் அடுத்த விளம்பரத்தில் 'ஓனர்' நீங்கள்தான். உங்கள் பெயரில் கணக்கு தொடங்கக்கூட அது உதவும். அறையைப் பார்த்து, பேசி முடித்து, ஒப்பந்தம் எழுதும்போது கொடுங்கள். அப்போதும் நகலின் குறுக்கே யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம். அறையைப் பார்க்கவே கட்டணம் கேட்பவர்களிடமும் கைப்பையைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பிரபலமான தங்குமிடத் தளம் ஒன்றின் லிங்கை அனுப்பி, பணம் அந்தத் தளத்திடமே இருக்கும், நான் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் ஓனருக்குப் போகும் என்கிறார்கள். இது பாதுகாப்புதானே?

பதில்: அந்த லிங்கைத் தொடாதீர்கள். தளத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் அந்த அறை இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சு அசலாக அதே நிறம், அதே முத்திரையோடு போலித் தளம் செய்வது சுலபம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர், தொடக்கத்தில் பிரபலமான பெயரை ஒட்டிவைத்திருப்பது கண்ணை ஏமாற்றத்தான். ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் பணத்தைத் தங்கள் தளத்துக்குள்ளேயே கட்டச் சொல்கின்றன, ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வதில்லை. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி பணம் அனுப்பும் சேவை, கிரிப்டோ, கிஃப்ட் கார்டு என்று வாடகை கேட்டால் அது வாடகையே இல்லை.

கேள்வி: நேற்று இரவு பணம் அனுப்பிவிட்டேன். இன்று காலை அதே விளம்பரம் வேறு பெயரில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் 'காப்பீட்டுத் தொகை' கட்டினால் எல்லாம் சேர்த்துத் திரும்ப வருமாம். என்ன செய்வது?

பதில்: இதைப் படித்து முடிப்பதற்குள் வங்கிக்குப் போன் செய்யுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். மோசடி என்ற வார்த்தையைச் சொல்லி, பரிமாற்றத்தை நிறுத்தவோ திரும்பப் பெறவோ கேளுங்கள். அனுப்பிய பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு எங்கும் போவதற்கு முன்னால் பிடித்தால்தான் வாய்ப்பு. கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுக்க வழி உண்டு. கையோடு விளம்பரம், உரையாடல், கணக்கு எண், பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விளம்பரம் மறைந்துவிடும். வங்கி நடவடிக்கை எடுக்கும் வரை அந்த ஆளிடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சண்டை போடாதீர்கள், காப்பீடும் கட்டாதீர்கள். அப்புறம் காவல் துறையில் புகார், விளம்பரம் வந்த தளத்துக்கும் புகார்.

சில நாள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது அழைப்பார்கள். வக்கீல் என்பார்கள், அதிகாரி என்பார்கள், உங்கள் பெயரும் தொகையும் சரியாகவே சொல்வார்கள், ஏனென்றால் ஏமாந்தவர்களின் பட்டியலே கைமாறுகிறது. முன்கூட்டியே ஒரு கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.