கர்ப்பப்பை அமைப்பில் மாறுபாடு: கர்ப்பகாலக் கண்காணிப்பு கேள்வி பதில்

கேள்வி: முதலில் எடுத்த ஸ்கேனில் 'செப்டேட்' என்று இருந்தது. இப்போது 6 வாரம். இன்னொருவர் 'பைகார்னுவேட்' என்கிறார். எதை நம்புவது மேடம்?

பதில்: உள்ளே பார்த்தால் இரண்டிலும் இரண்டு அறைகள்தான் தெரியும். வித்தியாசம் வெளிச்சுவரில் இருக்கிறது. மேல்பகுதி வெளியே சீராக இருந்து, உள்ளே மட்டும் நடுச்சுவர் இறங்கினால் செப்டேட். வெளிச்சுவரே உள்வாங்கி, 1 செ.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் பைகார்னுவேட். சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் வெளிச்சுவர் தெரியாது. அதை வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் நம்ப வேண்டாம். த்ரீ-டி ஸ்கேன் கேளுங்கள், அதுவும் இப்போதே. வயிறு வளர்ந்த பிறகு இந்த வடிவம் சரியாகப் பிடிபடாது. செப்டேட்டில் முதல் மூன்று மாதத்தில் கரு கலையும் அபாயம் கூடுதல். பைகார்னுவேட்டில் குறைப்பிரசவமும் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் பெரிய கவலைகள். கூடவே உங்கள் சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கருவில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் ஒன்றையொட்டி ஒன்று உருவாவதால், ஒரு சிறுநீரகமே இல்லாமல் இருப்பது கர்ப்பப்பை அமைப்பு மாறியவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படும்.

கேள்வி: எனக்கு யூனிகார்னுவேட், அதாவது கர்ப்பப்பையின் ஒரு பாதி மட்டுமே வளர்ந்திருக்கிறது; பக்கத்தில் வளராத மறுபாதி சிறு கொம்பாக உண்டு. 7 வாரம். 12 வாரத்தில் வந்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: காத்திருக்காதீர்கள், இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். கரு அந்தச் சிறு கொம்பில் தங்கியிருக்கக்கூடும். கொம்புக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இணைப்பே இல்லாவிட்டாலும், விந்தணு வயிற்றறை வழியாகச் சுற்றி அங்கே போய்ச் சேர முடியும். அதன் சுவர் மெல்லியது, நாலாவது ஐந்தாவது மாதத்தில் வெடித்துவிடும் அபாயம் அதிகம். ஸ்கேனில் ஒன்று உறுதியாக வேண்டும்: கரு இருக்கும் அறை கர்ப்பப்பை வாய்வரை தொடர்ச்சியாகப் போகிறதா? அந்த வரி அறிக்கையில் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். திடீரென்று கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால், வெளியே ரத்தம் வராவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: கர்ப்பப்பை வாயின் நீளத்தை எப்போது, எப்படி அளப்பார்கள்?

பதில்: 16 முதல் 24 வாரம் வரை, பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் போதாது, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன்தான் வேண்டும். அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது அமுக்கி, குட்டையான வாயையும் நீளமாகக் காட்டும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் அதே தவறு நேரும். அவசரப்படாமல் சில நிமிடம் பார்த்து, மூன்று முறை அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்வதே முறை. 25 மி.மீ.க்குக் கீழே வந்தால் குட்டை. அப்போது இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் 200 மி.கி. தருவார்கள், முன்பு குறைப்பிரசவமோ ஐந்தாறு மாதத்தில் கரு கலைந்ததோ இருந்தால் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது பற்றியும் பேசுவார்கள். இரண்டு வாய் உள்ளவர்களுக்கு, குழந்தை இருக்கும் பக்கத்து வாயைத்தான் அளந்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: இரட்டைக் கர்ப்பப்பை, 9 வாரம். ரத்தம் படுகிறது, ஆனால் இதயத்துடிப்பு இருக்கிறதாம்.

பதில்: காலியான கர்ப்பப்பையின் உட்படலம் உரிந்தும் ரத்தம் வரும். ஆனால் அதை ஸ்கேன் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி: 26 வாரம். அடிக்கடி வயிறு இறுகுகிறது. படுத்தே இருந்தால் சரியாகுமா?

பதில்: படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை, காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். சீரான இடைவெளியில் இறுக்கம், இடுப்புவலி, கீழே அழுத்தம், நீர்க் கசிவு இவற்றில் எது இருந்தாலும் இன்றே போங்கள். பிரசவம் நெருங்குவதாகத் தெரிந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக பீட்டாமெத்தசோன் 12 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பலன் தர நேரம் வேண்டும், அதனால்தான் தாமதம் கூடாது என்கிறேன். குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்கட்டும். பிறந்த பிறகு குழந்தையை மாற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்வது பாதுகாப்பு.

கேள்வி: ஒரே சிறுநீரகம்தான் என்று தெரிந்தது. தனியாக என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை. அழுத்தம் 140/90 தொட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்; 160/110 என்றால் அவசரம். கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலைத் தவிர்க்க ஆஸ்பிரின் தேவையா என்று 16 வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 34 வாரம், பைகார்னுவேட், குழந்தையின் பிட்டம் கீழே. வெளியிலிருந்து கையால் திருப்பலாமா? சிசேரியன் கட்டாயமா?

பதில்: இடம் குறுகல் என்பதால் இந்த அமைப்பில் திருப்புவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். தானாகத் தலை திரும்பிவிட்டால், அமைப்பு மாறுபாடு மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. 28 வாரத்திலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுத்தீர்களா? இல்லையென்றால் இப்போது எடுங்கள், நஞ்சுக்கொடி எந்தப் பக்கம் என்றும் குறிக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிவிடும் வாய்ப்பு உண்டு. பிரசவ அறைக்குள் போகும்போதே அங்கிருப்பவர்களிடம் உங்கள் கர்ப்பப்பை அமைப்பைச் சொல்லிவிடுங்கள்.