சித்திரை வெக்கையும் நீச்சல் தடாகமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற யாழ்ப்பாணத்தில் இப்போது அங்கொன்று இங்கொன்றாக நீச்சல் தடாகமும் வந்துவிட்டது. அவற்றைப் பராமரிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் தொழில். பங்குனி பிறந்தால் போதும், எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு: தண்ணீர் சுடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அண்ணை, எங்கள் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் ஆழம். பின்னேரம் இறங்கினால் வெந்நீர்தான். ஐஸ் கட்டி வாங்கிப் போட்டால் சரிவருமா? (கோண்டாவில்)

தம்பி, கணக்கைப் பார்ப்போம். உங்கள் தடாகத்தில் ஏறக்குறைய 45,000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதை ஒரேயொரு பாகை குறைக்க ஏறக்குறைய 400 கிலோ ஐஸ் வேண்டும். மூன்று பாகை குறைக்க நினைத்தால் மீன் ஏற்றும் லொறியைத்தான் வாசலுக்குக் கூப்பிட வேண்டும். அடுத்த நாள் வெயில் இரண்டு பாகையைத் திருப்பித் தந்துவிடும்.

தண்ணீரைச் சுடவைப்பது பெரும்பாலும் காற்றின் சூடு அல்ல, நேரே விழும் வெயில். குளிரவைப்பது ஆவியாதல். ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியானால் உங்கள் தடாகம் கிட்டத்தட்ட 0.4 பாகை குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதிதான். ஆகவே பகலில் வெயிலை மறியுங்கள், இரவில் தடாகத்தை மூடாமல் விடுங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

ரொறன்ரோவில் இருந்து வரும்போது குமிழ் வைத்த நீல நிற மூடி ஒன்று கொண்டுவந்தேன். பகல் முழுக்க மூடித்தான் வைக்கிறேன். அப்படியும் சூடு குறையவில்லையே? (நல்லூர்)

குறையாது அக்கா, கூடும். அது குளிர் நாட்டில் தண்ணீரைச் சூடாக்கச் செய்த சாமான். வெயிலை உள்ளே விடும், ஆவியாவதைத் தடுக்கும். இரண்டும் எங்களுக்கு எதிர். அதைச் சுருட்டி வையுங்கள். சருகு விழுகிறது என்று மூடத்தான் வேண்டுமானால், வெளிச்சம் புகாத வெள்ளை அல்லது வெள்ளி நிற மூடியைப் பகலில் மட்டும் போட்டு, பொழுதுபட்டதும் எடுத்துவிடுங்கள்.

மோட்டரை எப்போது ஓடவிடுவது? (சுன்னாகம்)

இரவில். வடிகட்டியிலிருந்து திரும்பி வரும் தண்ணீரை ஒரு குழாயால் மேலே தூக்கி, பூவாணம் மாதிரி விழவிடுங்கள். துளித்துளியாகக் காற்றில் பறந்து வரும் தண்ணீர் நன்றாகக் குளிரும். வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் இரவுகளில் இது அருமையாக வேலை செய்யும். காற்று அசையாமல், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் சித்திரை இரவில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்?

ஒரு விஷயம் கவனம். தண்ணீரைச் சிதறவிட்டால் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி, தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. பிஎச்சும் சூடும் சேர்ந்து ஏறினால், கேத்தலின் அடியில் படிவதுபோல ஓட்டிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். கிழமைக்கு இரண்டு தடவை அளந்து, 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்திருங்கள். முதல் வருடம் இதைக் கவனிக்காமல் ஒரு வடிகட்டியை நானே கெடுத்திருக்கிறேன்.

கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சிதானே? பாதியை இறைத்து ஊற்றிவிட்டு புதுத் தண்ணீர் விட்டால் என்ன? (புத்தூர்)

ஐயா, நீங்கள் நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். அங்கே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடியும் பல இடங்களில் அப்படித்தான்: மழை தந்த நல்ல தண்ணீர் உவர் நீருக்கு மேலே மிதக்கிறது. கோடையில் அளவுக்கு மேல் இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். பிறகு பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும்.

இவ்வளவுக்கும் லாபம் சொற்பம். தடாகம் 34 பாகை, கிணறு 28 பாகை என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கை மாற்றினாலும் 32 தான் வரும். அதற்கு 15,000 லீற்றர். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் விடியற்காலையில் நிரப்புங்கள், காணும்.

கிணற்றுக்குள் குழாயைச் சுருளாக இறக்கி, தடாகத் தண்ணீரை அதற்குள்ளால் ஓடவிட்டால்? தண்ணீர் வீணாகாதே. (மானிப்பாய்)

நல்ல மூளை. வேலையும் செய்யும். ஆனால் குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால் குளோரின் கலந்த தடாகத் தண்ணீர், நீங்கள் குடிக்கிற கிணற்றுக்குள் போய்விடும். நான் செய்துதர மாட்டேன்.

நிழலுக்குப் பந்தல் போடப் போகிறோம். எந்தப் பக்கம்? வெளிநாட்டில் வரைந்த வரைபடத்தில் தெற்குப் பக்கம் என்று இருக்கிறது. (பருத்தித்துறை)

வரைந்தவர் தன் ஊர்ச் சூரியனை நினைத்து வரைந்திருக்கிறார். இங்கே ஏப்ரல் நடுப்பகுதியில் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன்பின் ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கும். தெற்கே போட்ட பந்தலால் வெக்கைக் காலத்தில் பிரயோசனம் இல்லை. தலைக்கு மேலேயும் மேற்குப் பக்கமும் மறையுங்கள். காற்று வரும் பக்கத்தை மட்டும் அடைக்க வேண்டாம். கிடுகுக் கொட்டில் வடிவாக இருக்கும், ஆனால் தூள் கொட்டி வடிகட்டியை அடைக்கும். நான் என்றால் நிழல் வலைதான் கட்டுவேன்.

கருநீல ஓடு பதிக்க ஆசை. (கொக்குவில்)

படத்துக்கு நல்லது. வெள்ளை அல்லது வெளிர் நீலம் போடுங்கள்.

காலையில் குளோரின் போடுகிறேன், பின்னேரம் பார்த்தால் இல்லை. தண்ணீரும் பச்சையாகிறது. (திருநெல்வேலி)

வெயில் குளோரினை உடைத்துவிடும். தடுப்பு இல்லாத தண்ணீரில் உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலத்திலேயே பாதி போய்விடலாம். பொழுதுபட்ட பிறகு போடுங்கள். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கட்டும். தண்ணீர் சூடாக ஆகப் பாசியும் வேகமாக வளரும். தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறு என்றால் உரத்தின் நைத்திரேற்றும் சேர்ந்து பாசிக்குச் சாப்பாடு போடும்.

விடுதித் தடாகத்துக்குக் குளிர்விக்கும் இயந்திரம் பூட்டலாமா? எத்தனை பாகை வைக்கலாம்? (யாழ் நகர்)

பூட்டலாம், ஆனால் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு. முதலில் நிழலும் இரவுப் பூவாணமும் செய்து ஒரு மாதம் பாருங்கள். நீச்சல் போட்டித் தடாகங்களுக்கு 25 முதல் 28 பாகை. திறந்த நீர்ப் போட்டிகளில் 31 பாகையைத் தாண்டினால் நீந்தவே விடமாட்டார்கள். சும்மா குளிக்கிற விருந்தினருக்கு 29, 30 போதும்.

எங்களிடம் காற்றடிக்கிற பிள்ளைகள் தொட்டிதான் இருக்கிறது, சிரிக்காதீர்கள். (சாவகச்சேரி)

ஏன் சிரிக்க? நாங்கள் தோட்டத் தொட்டியில் பாய்ந்து வளர்ந்தவர்கள்தானே தங்கச்சி. சீமெந்து முற்றத்தில் வைக்காதீர்கள், மாமர நிழலில் மண்ணில் வையுங்கள். மேலே உள்ள கறுப்புத் தாங்கியிலிருந்து பிடிக்க வேண்டாம், மத்தியானம் அது கொதிக்கும். கிணற்றிலிருந்து நேரே விடுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முழங்கால் அளவுத் தண்ணீர் என்றாலும். பின்னேரம் அவர்கள் ஏறியதும் அப்படியே வாழையடிக்குக் கவிழ்த்துவிடுங்கள்.