குளிர் வருவதற்கு முன் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

தங்கச்சி, ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறோம், ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கார் இல்லை, சனி ஞாயிறு முழுக்கக் கைப்பேசியோடு கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வாடகைக்கு வான் வண்டி பிடித்து அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இந்த வருடம் வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து அது போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். செப்டெம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் கிழமையிலும் பாதையில் நெரிசல் வேறு. நாள் அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் வாசலோடு திரும்ப நேரிடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு மலைச்சரிவு நிறைந்த சிவப்பு இலையும் வீட்டு வாசலில் கிடக்கும் சிவப்பு இலையும் ஒன்றுதான். உங்கள் தெருவிலேயே மேப்பிள் மரங்கள் அக்டோபர் நடுப்பகுதியில் நிறம் மாறும். வான் காசைக் கையில் வைத்திருங்கள்.

ரொறன்ரோ பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் ப்ரெஸ்டோ என்ற பயண அட்டையில் ஒருமுறை கட்டினால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம். ஆகவே கார் இல்லை என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய குறை இல்லை.

முதலில் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போங்கள். அதற்குள் ஹைலண்ட் கிரீக் என்ற சிற்றாறு ஓடுகிறது. செப்டெம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக அதில் எதிர்நீச்சல் போட்டு ஏறிவரும். உங்கள் சின்னவரின் கை நீளத்தைவிடப் பெரிய மீன், கணுக்காலளவு தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, கல்லிலே வயிற்றை உரசிக்கொண்டு மேலேறும். ஓரிடத்தில் தோற்றுப் பின்னால் சறுக்கும், கொஞ்சம் இளைப்பாறும், மறுபடி பாயும். பிள்ளைகள் கரையில் நின்று கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கத்துவார்கள். மழை பெய்த மறுநாள் காலை போனால் நிறையப் பார்க்கலாம், ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் கூடும்போது அவை அதிகமாக ஏறும்.

இந்த மீன் இந்த ஏரிக்குரியது அல்ல என்பதையும் மூத்தவருக்குச் சொல்லுங்கள். இங்கே ஆதியிலிருந்த அட்லாண்டிக் சால்மன், ஆலை அணைகளாலும் காடழிப்பாலும் அளவுமீறிப் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. சினூக் பசிபிக் கரையைச் சேர்ந்தது. 1960களின் கடைசியிலிருந்து ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அதுவும் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பி வருகிறது. முட்டையிட்டதும் இறந்துவிடும். கரையில் செத்த மீன் கிடக்கும், நாற்றமும் இருக்கும். சின்னவர் ஏன் செத்தது என்று கேட்பார். மறைக்காமல் பதில் சொல்லுங்கள், பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீருக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள். முட்டைகள் சரளைக் கற்களுக்கு அடியில் இருக்கும்.

செப்டெம்பரில் வெயில் நாள் கிடைத்தால் கிங்ஸ்டன் வீதியில் உள்ள ரோசெட்டா மக்லெயின் தோட்டம். ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது, நுழைவு இலவசம், தள்ளுவண்டியும் போகும். மெக்ஸிகோவுக்குப் புறப்பட்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஏரிக்கரையோரமாக அந்த வழியே போகும். பருந்துகளும் போகும், அவற்றைக் கணக்கெடுப்பவர்கள் தொலைநோக்கியோடு நிற்பதுண்டு. தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை, மேலே என்ன பறக்கிறது என்பதுதான் கவலை.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவும் உங்களுக்குப் பக்கம்தான். அங்கும் நுழைவு இலவசம். ஆனால் அந்தப் புற்களில் லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. நீளக் காற்சட்டை போட்டு, அதன் கீழ்நுனியைக் காலுறைக்குள் செருகி, பாதையைவிட்டு விலகாமல் நடத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இன்னொன்று பொய்சன் ஐவி என்ற நச்சுச் செடி: ஒரு காம்பில் மூன்று இலை. இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும், தொட்டால் தோல் கொப்பளிக்கும். சிவப்பு இலை பொறுக்கும் வயதுப் பிள்ளைகளோடு போகும் உங்களுக்கு இதை யாராவது சொல்லத்தானே வேண்டும்! பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரவும் கூடாது. பொறுக்குவதைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பிள் பறிக்கப் போவதற்குத்தான் கார் வேண்டும். மில்டன், ஸ்டவ்வில் பக்கம் உறவினர் யாராவது போகும்போது ஒட்டிக்கொள்ளுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதியில் மக்கின்டொஷ் வகை அப்பிள் வந்துவிடும். பல தோட்டங்களில் ஆளுக்கு நுழைவுக் கட்டணம், பைக்குத் தனிக் கட்டணம் என்று இரண்டு உண்டு. கூட்டிப் பார்த்தால் கடையில் வாங்குவது மலிவு. மரத்தில் கை வைக்கும் சந்தோஷத்துக்குத்தான் அந்தக் காசு என்று தெரிந்து போனால் வயிறெரியாது. பழத்தை இழுக்காமல், மேலே தூக்கிச் சற்றே திருகச் சொல்லுங்கள். கீழே விழுந்த பழங்களில் குளவி மொய்க்கும், கவனம்.

மார்க்கம் கண்காட்சி 1844இல் தொடங்கியது. செப்டெம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் வரும். மாடு, பூசணி, சுற்றும் இராட்டினம் எல்லாம் இருக்கும். டிக்கெட் உண்டு. ஒருமுறை பார்க்கலாம்.

மழை நாட்களுக்கு நூலகம். முகவரிக்கு அத்தாட்சி கொண்டுபோனால் அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் கிடைக்கும், சிறுவர் நிகழ்ச்சிகளும் நடக்கும்.

உடுப்பு விஷயத்தில் ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள். காலையில் பத்துப் பாகைக்குக் கீழே இருக்கும், மதியம் இருபதைத் தாண்டும். மேலங்கிக்குள் இரண்டு மெல்லிய சட்டைகள் போதும், கழற்றக் கழற்றப் பையில் வைக்கலாம். சப்பாத்து நனையும், மாற்றுக் காலுறை எடுங்கள். ரோல்ஸும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோனால் கடைச் செலவும் இல்லை. செப்டெம்பர் தொடக்கத்தில் ஏழே முக்காலுக்கு மறையும் சூரியன் அக்டோபர் நடுவில் ஆறரைக்கே மறைந்துவிடும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படலாம் என்று இருக்காமல் காலையிலேயே வெளிக்கிடுங்கள். வருகிற சனிக்கிழமைக்கு முன் மழை பெய்தால், முதல் பயணம் மோர்னிங்சைட்தான்.